கேமராவுக்குக் கரண்ட் எங்கிருந்து? பிஓஇ சுவிட்ச், இன்ஜெக்டர், அடாப்டர், ஃபைபர்: எது யாருக்கு

நெட்வொர்க் கேமராவோ மாடிக்கு வைஃபை பெட்டியோ வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். நெட்வொர்க் கேபிளை எப்படியாவது இழுத்துவிடலாம். கரண்ட்டுக்கு என்ன செய்வது? சன்ஷேடுக்கு அடியில் பிளக் பாயின்ட் கிடையாது. எலக்ட்ரீஷியன் சுவரை வெட்ட வேண்டும் என்கிறார். ஒரு கடையில் "பிஓஇ சுவிட்ச் போட்டுடுங்க" என்கிறார்கள். அடுத்த கடையில் அதைவிட மிகச் சல்லிசாக ஒரு ஜோடி வால் கேபிளை எடுத்துக் காட்டி "இதுவும் பிஓஇதான் சார்" என்கிறார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. (இங்கே சுவிட்ச் என்பது பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் பெட்டி.) டேட்டா போகும் அதே கேபிளில் டிசி மின்சாரத்தையும் அனுப்புவதுதான் பிஓஇ (பவர் ஓவர் ஈத்தர்நெட்) என்றாலும், எத்தனை வோல்ட்டில் அனுப்புகிறோம், மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புகிறோமா என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழும் மேலுமாக இரண்டு தளம், சுற்றி ஆறு கேமரா, மாடியில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பெட்டி). வீட்டிலிருந்து 180 மீட்டர் தள்ளித் தென்னந்தோப்புக் கேட்டில் ஏழாவது கேமரா. வீட்டில் 150 ஏஎச் பேட்டரியுடன் இன்வெர்ட்டர் இருக்கிறது.

## வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

சாதனம் எத்தனை வாட் இழுக்கும்? இதைப் பகலில் பார்க்கக் கூடாது. சாதாரண புல்லட் கேமரா பகலில் 3, 4 வாட்டில் ஓடும்; இருட்டியதும் இன்ஃப்ராரெட் எல்இடி எரிந்தால் 6, 7 வாட் ஆகும். டேட்டாஷீட்டில் "அதிகபட்சம்" என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆக்சஸ் பாயின்ட் 10 முதல் 20 வாட், சுழலும் கேமரா 20 வாட்டைத் தாண்டும்.

கேபிள் போகும் வழியில் எத்தனை மீட்டர்? ஜன்னலிலிருந்து பார்த்துச் சொல்லும் நேர்த்தூரம் உதவாது. ஏறி, இறங்கி, மூலை சுற்றி வரும் நீளம் வேண்டும். ஈத்தர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர். அதில் சுவருக்குள் போவது 90, இரு முனையிலும் பேட்ச் கார்டுகள் (முனைகளில் மாட்டும் குட்டைக் கேபிள்கள்) சேர்த்து 10.

கரண்ட் போனால் என்ன ஆக வேண்டும்? திருடனுக்கு வசதியான நேரம் மின்வெட்டு நேரம். கேமராவுக்கு இது முதல் கேள்வி, வைஃபைக்கு இரண்டாம்பட்சம்.

எது பழுதானால் எத்தனை சாதனம் படுக்கும்? அப்போது ஏணி போட்டு ஏற வேண்டுமா?

கேபிள் கட்டடத்தை விட்டு வெளியே போகிறதா? போனால் சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் இடியோடு கணக்குத் தீர்க்க வேண்டிவரும்.

விலை ஆறாவதுதான். மேலே உள்ள ஐந்துக்கும் பதில் சொன்னபின் விலை வித்தியாசம் பெரும்பாலும் தானே கரைந்துவிடும்.

## ஏன் 48 வோல்ட்?

பிஓஇ தரங்கள் எல்லாமே 50 வோல்ட்டை ஒட்டி இயங்குகின்றன. அதற்குக் காரணம் கேபிளின் மின்தடை. 24 கேஜ் செம்புக் கம்பி ஒன்றுக்கு மீட்டருக்கு 0.084 ஓம். போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று நான்கு கம்பிகளைப் பயன்படுத்தினால் 100 மீட்டருக்குச் சுற்றுத் தடை சுமார் 8.4 ஓம். இந்தக் கேபிளின் கோடியில் 6 வாட் கேமராவை மாட்டினால்:

| அனுப்பும் வோல்ட் | கேமராவுக்குக் கிடைப்பது | கேபிளில் வீணாவது |
|---|---|---|
| 12 | ஓடவே ஓடாது | – |
| 24 | சுமார் 21.7 வோல்ட் | 0.65 வாட் |
| 48 | சுமார் 46.9 வோல்ட் | 0.14 வாட் |

முதல் வரி பலருக்கும் நம்ப முடியாததாக இருக்கும். 12 வோல்ட்டை 8.4 ஓம் தடை வழியாக அனுப்பினால், என்ன தலைகீழாக நின்றாலும் மறுமுனையில் எடுக்கக்கூடிய உச்சத் திறன் 4.3 வாட்தான். கேமராவுக்கு வோல்ட் குறையக் குறைய அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும்; ஆம்பியர் கூடக் கூட வோல்ட் இன்னும் குறையும். கடைசியில் கேமரா படுத்து, பாரம் இறங்கியதும் வோல்ட் ஏறி, மறுபடி எழுந்து, மறுபடி படுக்கும். பகலில் 3 வாட்டில் நன்றாக ஓடும் கேமரா இரவு ஏழு மணிக்கு மேல் இரண்டு நிமிடத்துக்கொரு முறை ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் கேமராவைக் குற்றம் சொல்வதற்கு முன் வோல்ட்டைப் பாருங்கள்.

இப்போது தரங்கள். சுவிட்ச் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண் சுவிட்ச் முனையில் தருவது. கேபிள் இழப்புக்கு ஒதுக்கியது போக சாதனத்துக்கு உறுதியாகக் கிடைப்பது இரண்டாவது எண்.

| தரம் | ஆண்டு | சுவிட்ச் முனையில் | சாதன முனையில் | எதற்கு |
|---|---|---|---|---|
| 802.3ஏஎஃப் | 2003 | 15.4 வாட் | 12.95 வாட் | நிலையான கேமரா, ஐபி போன் |
| 802.3ஏடி | 2009 | 30 வாட் | 25.5 வாட் | வைஃபை-6 ஆக்சஸ் பாயின்ட், சுழலும் கேமரா |
| 802.3பிடி, டைப் 3 | 2018 | 60 வாட் | 51 வாட் | பெரிய ஆக்சஸ் பாயின்ட், ஹீட்டருள்ள கேமரா |
| 802.3பிடி, டைப் 4 | 2018 | 90 வாட் | 71.3 வாட் | திரைகள், விளக்குகள் |

முந்தைய இரண்டு தரங்களும் இரண்டு ஜோடிகளில் மின்சாரம் அனுப்புபவை. பிடி நான்கு ஜோடிகளையும் பயன்படுத்தும். ஏஎஃப் கேமராவை பிடி சுவிட்ச்சில் மாட்டினால் ஒன்றும் ஆகாது. சுவிட்ச் முதலில் 10 வோல்ட்டுக்கும் குறைவாக ஒரு சோதனை வோல்ட் அனுப்பி, மறுமுனையில் 25 கிலோஓம் தடை தெரிகிறதா என்று பார்க்கும். தெரிந்தால், என்ன வகுப்பு (எத்தனை வாட் வரை வேண்டும் என்பதைச் சொல்லும் எண்) என்று கேட்டுவிட்டுத்தான் 48 வோல்ட்டைத் திறக்கும். லேப்டாப்பை மாட்டினால் அந்தத் தடை இருக்காது, மின்சாரமும் வராது. இந்தக் கேள்வி-பதில்தான் தரமான பிஓஇயின் உயிர்.

## வழி 1: அங்கேயே பிளக் பாயின்ட், அங்கேயே அடாப்டர்

பார்வைக்கு மிக மலிவு, ஏனென்றால் அடாப்டர் கேமராவோடு சேர்த்தே பேசப்படும். செலவு சுவரில் இருக்கிறது: ஒவ்வொரு கேமராவுக்கும் 230 வோல்ட் வயர், பைப், மழை புகாத பெட்டி, எலக்ட்ரீஷியன் கூலி. நெட்வொர்க் கேபிளுக்கு ஒரு பைப், கரண்ட்டுக்கு இன்னொரு பைப். இரண்டையும் ஒரே பைப்பில் திணிப்பது வழக்கமாக நடக்கிறது, செய்யாதீர்கள். இன்சுலேஷன் எங்காவது உரிந்தால் 230 வோல்ட் நேராக என்விஆருக்குள் (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி) வரும்.

இதில் இரண்டாவது வில்லங்கம் இன்வெர்ட்டர். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் அறைகளின் விளக்குக்கும் விசிறிக்கும்தான் போகும். வெளிச்சுவர் பாயின்ட்டுகள் நேரடி லைனில் இருக்கும். கரண்ட் போனால் என்விஆர் ஓடிக்கொண்டிருக்கும், ஆறு கேமராவும் கண்ணை மூடியிருக்கும். மூன்றாவது, வெயில். தகரப் பெட்டிக்குள் மே மாதம் முழுக்க வேகும் அடாப்டரின் கெப்பாசிட்டர்கள் சீக்கிரம் காய்ந்துபோகும். ஆறு அடாப்டர் என்றால் ஆறு தனித்தனிப் பழுதுகள், ஆறு முறை ஏணி.

ஆனாலும் இதுவே சரியான இடங்கள் உண்டு. கடைக் கல்லாவுக்கு மேல், இன்வெர்ட்டர் லைனில் ஏற்கெனவே பிளக் இருக்கும் இடத்தில் ஒரு கேமரா. பிஓஇ வசதியே இல்லாத வைஃபை கேமரா. ஃபைபர் வழியாக மட்டுமே டேட்டா போகக்கூடிய தொலைவிடம். இங்கெல்லாம் பிஓஇக்குப் பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை.

## வழி 2: பிஓஇ இன்ஜெக்டர்

சாதாரண சுவிட்ச்சுக்கும் சாதனத்துக்கும் நடுவில் வைக்கும் சின்னப் பெட்டி. ஒரு துளையில் டேட்டா நுழையும், மறு துளையில் டேட்டாவும் மின்சாரமும் சேர்ந்து வெளியேறும். ஒன்றிரண்டு சாதனத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. இருக்கும் ரூட்டரையோ சுவிட்ச்சையோ மாற்ற வேண்டியதில்லை.

தவறுகள் மூன்று. துளைகளை மாற்றி மாட்டுவது. தரமான இன்ஜெக்டரில் வேலை செய்யாது, அவ்வளவுதான், தரமில்லாததில் ரூட்டர் போர்ட் போகலாம். இன்ஜெக்டர் வைத்ததும் அங்கிருந்து புதிதாக 100 மீட்டர் கணக்கு ஆரம்பிக்கிறது என்று நினைப்பது; அது சிக்னலைப் புதுப்பிப்பதில்லை, சுவிட்ச்சிலிருந்து சாதனம் வரை மொத்தமே 100. கடைசியாக, கிகாபிட் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 100 எம்பிபிஎஸ் இன்ஜெக்டரை வாங்கி மாட்டிவிட்டு, நெட் ஏன் 95க்கு மேல் ஏறவில்லை என்று பிராட்பேண்ட்காரரோடு சண்டை போடுவது.

மூன்றாவது சாதனம் வந்துவிட்டால் இன்ஜெக்டரை விடுங்கள். ரூட்டருக்குப் பின்னால் மூன்று இன்ஜெக்டர், மூன்று பவர் கார்டு, ஆறு பேட்ச் கார்டு; எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

## வழி 3: பிஓஇ சுவிட்ச்

மூன்று சாதனத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இதுதான் விடை. மின்சாரம் முழுவதும் ஒரே பெட்டியிலிருந்து கிளம்புகிறது. அந்த ஒரு பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் மாட்டினால் வீடு முழுக்கக் கேமராக்களுக்கு பேக்அப் வந்துவிடும். வெளிச்சுவரில் ஓடுவது 60 வோல்ட்டுக்குள் அடங்கிய டிசி என்பதால் ஷாக் பயமும் குறைவு.

கடையில் ஏமாறும் இடம் "பவர் பட்ஜெட்". எட்டு போர்ட், ஒவ்வொன்றும் 30 வாட் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் மொத்தம் 65 வாட் என்றிருக்கும். நம் வீட்டுக் கணக்கு: ஆறு கேமராவுக்கு 7 வீதம் 42, ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 15, ஆக 57. 65 போதுமே என்று தோன்றும். போதாது. சில சுவிட்ச்சுகள் சாதனம் இழுப்பதைப் பார்த்து ஒதுக்குவதில்லை. அது சொல்லும் வகுப்பைப் பார்த்து ஒதுக்கும். வகுப்பு 3 என்று சொல்லும் கேமரா 5 வாட் இழுத்தாலும் 15.4 வாட்டைப் பிடித்து வைத்துவிடும். அப்படியானால் 65 வாட்டில் நாலு கேமராவோடு கதை முடிந்தது, ஐந்தாவது எரியாது. டேட்டாஷீட்டில் ஒதுக்கீடு எப்படி என்று பார்க்க முடியவில்லையென்றால் பட்ஜெட்டை இரட்டிப்பாக எடுங்கள். இந்த வீட்டுக்கு 130 வாட் சுவிட்ச் சரி.

போர்ட் தரத்தையும் பாருங்கள். எல்லாம் ஏஎஃப் போர்ட்டாக இருந்து ஆக்சஸ் பாயின்ட் ஏடி கேட்டால், சில மாடல்கள் ஓடவே ஓடாது. சில, ஒரு ரேடியோவை அணைத்துவிட்டோ வேகத்தைக் குறைத்துக்கொண்டோ ஓடும். இரண்டாவது வகைதான் தொல்லை, பழுது என்றே தெரியாது.

பேக்அப் கணக்கு இப்படி வரும். சாதனங்கள் 57 வாட், மின்மாற்ற இழப்பும் சுவிட்ச்சின் சொந்தத் தேவையும் சேர்த்து 70. என்விஆருக்கு 15, ரூட்டருக்கு 10. மொத்தம் 95 வாட். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி காகிதத்தில் 1800 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பும் பேட்டரியின் வயதும் கழித்து 60 சதவீதம் கிடைத்தால் 1080. விசிறியே ஓடாத வீட்டில் பதினோரு மணி நேரம். விசிறி ஓடும் வீட்டில் எவ்வளவு என்பதை நீங்களே கழித்துக்கொள்ளலாம்.

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட், சாதா மோட் என்று ஒரு சுவிட்ச் பின்புறம் இருக்கும். சாதா மோடில் மாறும் நேரம் அதிகம். ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் பிஓஇ சுவிட்ச் அணைந்து எழும், அதோடு ஏழு சாதனங்களும் எழுந்து வர இரண்டு நிமிடம். யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள். ரூட்டருக்கு வாங்கிய 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸைப் பிஓஇ சுவிட்ச்சுக்கு மாட்டப் பார்க்காதீர்கள். இந்தச் சுவிட்ச்சுகளின் அடாப்டர் பெரும்பாலும் 48 முதல் 54 வோல்ட்.

இந்த வழியின் மறைசெலவு இரண்டு. சுவிட்ச் படுத்தால் எல்லாம் படுக்கும். 16, 24 போர்ட் சுவிட்ச்சில் விசிறி இருக்கும். படுக்கையறை அலமாரியில் வைத்தால் முதல் இரவே தெரிந்துவிடும். இதற்கு ஈடாக, மேனேஜ்டு சுவிட்ச் (கம்ப்யூட்டரிலிருந்தே இயக்கக்கூடியது) வாங்கினால் ஒரு வசதி உண்டு: தொங்கிப்போன கேமராவை, அதன் போர்ட்டில் மின்சாரத்தை நிறுத்தித் திறந்து, நாற்காலியை விட்டு எழாமல் ரீஸ்டார்ட் செய்யலாம். ஏணி ஏறும் வயது தாண்டியவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம்.

பிஓஇ போர்ட்டுகளோடு வரும் என்விஆர் இதன் சுருக்கப் பதிப்பு. கேமராக்கள் மட்டும் என்றால் நல்ல வழி; மாட்டியதும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த போர்ட்டுகள் பெரும்பாலும் என்விஆருக்குள்ளேயே ஒரு தனி நெட்வொர்க்கில் இருக்கும். அங்கே ஆக்சஸ் பாயின்ட்டை மாட்டி வைஃபை எதிர்பார்க்க முடியாது. என்விஆர் சர்வீசுக்குப் போனால் கேமராக்களுக்குக் கரண்ட்டே இருக்காது.

## வழி 4: பேசிவ் பிஓஇ

இங்கே கேள்வி-பதில் கிடையாது. நீல ஜோடியில் பிளஸ், பழுப்பு ஜோடியில் மைனஸ், எப்போதும் வோல்ட் நின்றுகொண்டேயிருக்கும். இதிலும் இரண்டு சாதி உண்டு.

ஒன்று, கூரைமேல் வைக்கும் வயர்லெஸ் பிரிட்ஜ் போன்றவற்றோடு கம்பெனியே தரும் 24 வோல்ட் இன்ஜெக்டர். சாதனமும் இன்ஜெக்டரும் ஒன்றுக்கொன்று செய்தவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த இன்ஜெக்டரை வேறு சாதனத்துக்கு மாற்றாத வரை நல்லது.

மற்றொன்று, ஆரம்பத்தில் சொன்ன வால் கேபிள் ஜோடி. 12 வோல்ட் அடாப்டரை இந்த முனையில் சொருகி, அந்த முனையில் பிரித்தெடுக்கும் எளிய இணைப்பு. உள்ளே எந்தச் சர்க்கியூட்டும் இல்லை. நல்ல செம்புக் கேபிளில் 30 மீட்டரில் 6 வாட் கேமராவுக்குக் கிடைப்பது 10.6 வோல்ட், பத்து சதவீதம் வரை பொறுக்கும் கேமராவுக்கு அதுவே எல்லை தாண்டிய நிலை. 10, 15 மீட்டருக்குள், 100 எம்பிபிஎஸ் போதும் என்றால் ஓடும். நீலமும் பழுப்பும் மின்சாரத்துக்குப் போய்விடுவதால் கிகாபிட்டை மறந்துவிட வேண்டும்.

உண்மையான ஆபத்து "48 வோல்ட் 0.5 ஆம்பியர் பிஓஇ அடாப்டர்" என்று மட்டும் எழுதி, 802.3 எண் எதுவும் போடாமல் விற்கும் பெட்டி. அதில் தெரியாமல் லேப்டாப்பையோ டிவியையோ சொருகினால் போர்ட் கருகலாம். சந்தேகமிருந்தால் ஒரு பழைய பேட்ச் கார்டை வெட்டி, ஒரு முனையை அந்தப் பெட்டியில் சொருகி, மறுமுனையில் மல்ட்டிமீட்டரை டிசியில் வைத்து நீலத்துக்கும் பழுப்புக்கும், பிறகு ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் இடையே அளந்து பாருங்கள். 48 அசையாமல் நின்றால் பேசிவ். சின்னச் சின்ன வோல்ட்டாகத் துள்ளிக்கொண்டிருந்தால் அது மறுமுனையைத் தேடிக்கொண்டிருக்கிறது; தரமான பெட்டி.

## வழி 5: 100 மீட்டரைத் தாண்டும் கேமரா

தோப்புக் கேட் 180 மீட்டர். இங்கே பலரும் கரண்ட் போய்ச் சேராது என்று பயப்படுகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது: 48 வோல்ட்டில் 6 வாட் கேமராவுக்கு 180 மீட்டரில் குறைவது வெறும் 2 வோல்ட். மின்சாரம் தாராளமாகப் போகும், நொண்டுவது டேட்டாதான். இதற்கு மூன்று சாலைகள்.

எக்ஸ்டெண்ட் மோட். சிசிடிவிக்கான பல பிஓஇ சுவிட்ச்சுகளில் ஒரு சின்ன விசை இருக்கும். தட்டினால் போர்ட் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸாகக் குறைந்து 250 மீட்டர் வரை போகும் என்று கம்பெனி சொல்லும். எந்தத் தரத்திலும் இல்லாத ஏற்பாடு இது, ஆனால் நல்ல செம்புக் கேபிளில் ஓடுகிறது. 4 மெகாபிக்சல் கேமரா எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் 2 முதல் 4 எம்பிபிஎஸ் என்பதால் ஒரு கேமராவுக்கு 10 போதும். சில சுவிட்ச்சுகளில் அந்த விசை எல்லா போர்ட்டையும் சேர்த்து 10க்கு இறக்கிவிடும்; ஆக்சஸ் பாயின்ட்டும் அதே சுவிட்ச்சில் இருந்தால் மாடியில் இண்டர்நெட் ஊர்ந்து போகும்.

பிஓஇ எக்ஸ்டெண்டர். நடுவழியில் 90ஆவது மீட்டரில் ஒரு பெட்டி. பிஓஇயிலேயே ஓடும், தனக்கு இரண்டு மூன்று வாட் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பும், இன்னொரு 100 மீட்டர் தரும். வேகம் குறையாது. ஆனால் நடுத்தோப்பில், தரைக்குப் பக்கத்தில், எறும்பும் ஈரமும் விரும்பும் ஒரு பெட்டி வந்துவிடுகிறது. மழை புகாத உறையும், கேபிள் உள்ளே நுழையும் துளை கீழ்ப்பக்கம் பார்த்திருப்பதும் கட்டாயம்.

ஃபைபரும் அங்கேயே மின்சாரமும். ஒற்றை இழை ஃபைபர், இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியையும் நெட்வொர்க் கேபிளின் சிக்னலையும் ஒன்றுக்கொன்று மாற்றும் பெட்டி), கேட் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட்டோ சோலார் பேட்டரியோ. கன்வெர்ட்டர் ஜோடியாகத்தான் வரும்: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது தலைகீழ். ஏ, பி என்று குறித்திருக்கும். இரண்டு ஏ வாங்கி வந்து விளக்கு எரியவில்லையே என்று இழையைச் சோதித்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் கூத்து. இணைப்பு ஒட்ட ஊர் கேபிள் டிவிக்காரரிடமே ஸ்ப்ளைசிங் மெஷின் இருக்கும்.

மூன்றில் எது என்பதை இடிதான் தீர்மானிக்கிறது. 180 மீட்டர் செம்புக் கம்பி திறந்தவெளியில் கிடந்தால், இடி அதன் மேல் விழ வேண்டியதில்லை; பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே போதும். அந்த நொடியில் கேட்டின் நிலமட்ட வோல்ட்டும் வீட்டின் நிலமட்ட வோல்ட்டும் வெகுவாக வேறுபடும், இரண்டையும் சேர்க்கும் பாலம் உங்கள் கேபிள். கேமராவோடு நிற்காது; சுவிட்ச், என்விஆர், ரூட்டர் என்று வரிசையாகப் போகும். இரு முனையிலும் பிஓஇக்கு ஏற்ற சர்ஜ் புரொட்டெக்டர் வைத்து, இரண்டையும் சரியான எர்த்தில் சேர்த்தால் ஆபத்து குறையும். எர்த் கொடுக்காத சர்ஜ் புரொட்டெக்டர் கேபிளில் கூடுதலாக ஒரு ஜாயின்ட், வேறொன்றுமில்லை. ஃபைபரில் இந்தப் பேச்சே எழாது, கண்ணாடியில் மின்சாரம் போகாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வெளியில் இழுக்கும் டிராப் கேபிளில் தாங்கலுக்கு இரும்புக்கம்பி ஓடும். அதை வீட்டுச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள்.

கேட் பக்கம் மின்சாரத்துக்குத் தோப்பு பம்ப் செட்டில் கை வைக்கத் தோன்றும். அது விவசாய இலவச இணைப்பு என்றால் நீர் இறைக்க மட்டும்தான். கேமரா மாட்டினால் விதிமீறல். அதோடு மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் வோல்ட் ஆடும் லைன் அது, அடாப்டர் தாங்காது. சிறிய சோலார் பேனலும் 12 வோல்ட் பேட்டரியும் அங்கே நிம்மதி.

## எந்த வழியானாலும்: கேபிள்

சுவிட்ச்சுக்கு நாள் கணக்கில் யோசித்துவிட்டு, கேபிளைக் கடைக்காரர் கொடுத்ததை வாங்கிவருவதுதான் பாதிப் பழுதுகளுக்கு மூலம். சந்தையில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள், கேட்-6 என்ற பெயரிலேயே கிடைக்கும். பெட்டியில் சிசிஏ என்று எழுதியிருந்தால் நேர்மையான கடை, எழுதாமலும் வரும். அதன் தடை செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்குக்கும் மேல், அதற்கேற்பச் சூடும் அதிகம், வளைத்தால் ஒடியும். எந்த கேட் தரமும் அதை ஏற்பதில்லை.

கண்டுபிடிக்கக் கம்பி முனையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். இழுத்து முடித்த கேபிளென்றால் மல்ட்டிமீட்டர் சொல்லும். கேபிளின் இரு முனையையும் சாதனங்களிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு முனையில் நீலத்தையும் நீல-வெள்ளையையும் ஒன்றாக முறுக்கி, மறுமுனையில் அவ்விரண்டுக்கும் இடையே ஓம் அளக்க வேண்டும். மீட்டரின் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழித்துவிடுங்கள். 50 மீட்டர் கேபிளில் 23 கேஜ் செம்பென்றால் 6.7 ஓம், 24 கேஜ் செம்பென்றால் 8.4 வரும். 10ஐத் தாண்டினால் அது செம்பல்ல, அல்லது நடுவில் யாரோ முறுக்கி டேப் ஒட்டியிருக்கிறார்கள். நான்கு ஜோடிக்கும் அளந்து பாருங்கள். மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் ஏறியிருந்தால் குற்றம் அந்த ஜோடியின் பஞ்சிங்கிலோ (கம்பியைச் சாக்கெட்டில் அழுத்திப் பொருத்திய இடம்) ஆர்ஜே-45 (நெட்வொர்க் பிளக்) முனையிலோ இருக்கிறது.

வெளிச்சுவருக்குக் கறுப்பு உறையுள்ள வெளிப்புறக் கேபிள்தான். சாம்பல் நிற உட்புறக் கேபிள் நம் வெயிலில் சில வருடங்களில் வெடித்து நீர் குடிக்கும். கேமரா வாலில் உள்ள ஆர்ஜே-45க்குப் பெட்டியிலேயே ஒரு ரப்பர் உறை வரும். அதை மாட்டாமல் தூக்கிப்போடுவது வழக்கமாகிவிட்டது. ஈரம் பட்ட முனையில் 48 வோல்ட் டிசி நிற்கும்போது மின்னாற்பகுப்பு நடந்து, பிளஸ் பின்கள் பச்சை பூத்து அரித்துப்போகும். டேட்டா மட்டும் போகும் கேபிளைவிட இது வெகு சீக்கிரம் நடக்கும். கேபிள் கேமராவுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

## ஒரு பார்வையில்

| வழி | எத்தனை சாதனம் | தூரம் | கரண்ட் போனால் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| அடாப்டர் | 1 | கேபிள் 100 மீ., ஃபைபர் எவ்வளவும் | இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் மட்டும் | வயரிங், பெட்டி, ஏணி |
| இன்ஜெக்டர் | 1 – 2 | மொத்தம் 100 மீ. | ஒவ்வொன்றுக்கும் பேக்அப் பிளக் | பிளக் நெரிசல் |
| பிஓஇ சுவிட்ச் | 3க்கு மேல் | 100 மீ. | ஒரே இடத்தில் தீரும் | பட்ஜெட் பற்றாக்குறை, ஒன்று போனால் எல்லாம் |
| 12 வோல்ட் வால் கேபிள் | 1 | 10 – 15 மீ. | அடாப்டர் உள்ளே இருப்பதால் சரி | இரவு ரீஸ்டார்ட், 100 எம்பிபிஎஸ் |
| எக்ஸ்டெண்ட் மோட் | 1 – 2 | 250 மீ. வரை | சுவிட்ச்சோடு சேரும் | 10 எம்பிபிஎஸ், இடி |
| எக்ஸ்டெண்டர் | 1 – 2 | 200 மீ. | சுவிட்ச்சோடு சேரும் | வெளியில் ஒரு பெட்டி, இடி |
| ஃபைபர் | எத்தனையும் | கிலோமீட்டர் கணக்கில் | அங்கே தனி பேக்அப் | ஸ்ப்ளைசிங், தொலைவில் மின்சாரம் |

நம் உதாரண வீட்டுக்கு: 130 வாட் பட்ஜெட்டில் எட்டு போர்ட் ஏடி சுவிட்ச் ஒன்று, இன்வெர்ட்டர் லைனில், யுபிஎஸ் மோடில். ஆறு கேமராவும் ஆக்சஸ் பாயின்ட்டும் அதில். 23 கேஜ் செம்பு கேட்-6 கேபிள் ஒரு 305 மீட்டர் பெட்டி; வெளிச்சுவர் நீளத்துக்கு வெளிப்புற வகை. கேட் கேமராவுக்கு ஃபைபர், சோலார். சோலாருக்கு இப்போதே காசு இல்லையென்றால் கேட் கேமராவை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாம்; 180 மீட்டர் செம்பை இழுத்துவிட்டு ஐப்பசிக்குக் காத்திருப்பதைவிட அது மேல்.

ஆறு கேமராவையும் சுவரில் ஏற்றுவதற்கு முன், எல்லாவற்றையும் தரையிலேயே சுவிட்ச்சில் மாட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். இன்ஃப்ராரெட் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும்போது ஒன்று கூட அணையாமல் நின்றால் ஏணியை எடுக்கலாம். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் எழுதி ஒட்டிவிட்டு, எந்த போர்ட் எந்தக் கேமரா என்ற பட்டியலை சுவிட்ச்சின் மேலேயே ஒட்டுங்கள், என்விஆருக்குள் சேமித்து வைத்த பட்டியல் என்விஆர் படுத்த அன்று கிடைக்காது.